மலைக்குளிரும் வீட்டு நாயும்

கிளிநொச்சி நகரின் ஊடாகச் செல்லும் பிரதான வீதியை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கண்டி வீதி என்றே சொல்வார்கள். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9 வீதி அது. 2006 ஆகஸ்டில் அது மூடப்பட்டபோது எமது வாழ்க்கையும் சேர்ந்து மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தினமும் அந்த வீதியில் போய் வந்தாலும், அதன் மறுமுனையில் இருக்கும் மலைநாட்டைக் காணாதவர்கள் எங்கள் கிராமங்களில் பலர் இருக்கிறார்கள். இன்னும் சிலர் அங்கேயே பிறந்தும் திரும்பிப் போகாதவர்கள்.

நான் பணிபுரியும் பகுதியில் அப்படியான ஒரு அம்மா இருக்கிறார். அவரது பெயரை இங்கு குறிப்பிடவில்லை. அவர் 1967இல் கந்தப்பளைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 ஆகஸ்ட் வன்செயல்களின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிராமங்களில் இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். அந்த அம்மாவின் தகப்பனாரும் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து வயதுத் தங்கை அப்போது காய்ச்சலாகக் கிடந்ததால் அம்மாயியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு கூட்டி வரலாம் என்பது எண்ணம். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

தங்கை இரண்டு தடவை கிளிநொச்சிக்கு வந்து அக்காவைப் பார்த்திருக்கிறார். சமாதான காலத்தில் ஒரு தடவை, செட்டிகுளம் முகாமிலிருந்து மீள்குடியேறிய பின் ஒரு தடவை. அக்கா மட்டும் போகவில்லை. முதலில் போர், பின்னர் காசு இல்லை, அதன் பின்னர் மனம் இல்லை.

2023 டிசம்பரில் எனக்கு நுவரெலியாவில் ஒரு பயிற்சிப் பட்டறை இருந்தது. தங்கையின் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. "அம்மா, என்னோட வாங்கோவன், பேரப்பிள்ளையைப் பார்த்திட்டு வருவம்" என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி மிஸ்" என்றார்.

பயணம்

இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் கண்டியில் இறங்கினோம். அங்கிருந்து நுவரெலியா பஸ். கம்பளை, புசல்லாவ, ரம்பொடை என்று வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாகை குளிர் கூடுவது போல இருந்தது. உயரம் கூடக் கூட, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வன்னி வெயிலில் வளர்ந்த எனது உடம்புக்கு அந்தக் கணக்கு ரம்பொடையில்தான் விளங்கியது.

மலையகத்தின் கிழக்குச் சரிவுக்கு மார்கழி மாதம் மழையும் மூடுபனியும் கலந்த காலமாகும். எமக்கு மழை தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றே அங்கும் மழையைக் கொண்டு போகிறது. மழை ஓய்ந்து வானம் வெளிக்கும் தை, மாசி இரவுகளில்தான் கடுங்குளிர். மேகம் இல்லாத இரவில் நிலத்தின் சூடு முழுவதும் மேலே போய்விடும். பாரமான குளிர்காற்று பள்ளங்களில் தேங்கி நிற்கும். விடியும்போது புல்லின் மேல் உப்புத் தூவியது போலத் துகள் உறைபனி படிந்திருக்கும். அது பட்ட தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் நெருப்புப் பட்டது போலக் கருகிவிடும். கொழுந்து கருகினால் வேலை குறையும், வேலை குறைந்தால் வருமானம் குறையும். சுற்றுலா போகிறவர்களுக்கு அழகான குளிர், அங்கே வாழும் பெண்களுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய குளிர்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்கு இன்னொரு பஸ். பிறகு தோட்டத்து வீதியில் நடை. மழைத் தூறலில் செருப்பு வழுக்கியது. காலில் அட்டை ஏறியதைக் கண்டு நான் கத்தியபோது, அந்த அம்மா சிரித்துக்கொண்டே குனிந்து அதை உருட்டி எடுத்துப் போட்டார். நாற்பத்தாறு வருடங்களுக்குப் பின்னரும் அந்தக் கை அதை மறக்கவில்லை.

இஸ்தோப்பில் ஒரு கயிறு

தங்கையின் வீடு பழைய லயத்தில் ஒரு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. அங்கே ஐந்து பேர் வாழ்கிறார்கள். நாங்கள் வாசலுக்கு வந்ததும் மண்ணிறத்தில் ஒரு பெட்டை நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. நான் பயந்து பின்வாங்கினேன்.

"அடி சூட்டி, சும்மா கெட! வாங்க மிஸ், அது ஒண்ணும் செய்யாது. குட்டி போட்டிருக்கு, அதான் கோபம். அக்கா, உள்ள வாங்க, கூதல் காத்து அடிக்குது" என்ற தங்கை, எனது பயத்தைக் கண்டு நாயை இழுத்துப் போய் இஸ்தோப்புத் தூணில் கயிற்றால் கட்டினார்.

அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அம்மா தங்கையைப் பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிவிட்டது. பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அடுப்படியில் குந்திவிட்டார். பயணக் களைப்பு என்று தங்கை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாயும் தோட்டத்து வாழ்க்கையும்

அங்கே தங்கிய நான்கு நாட்களில், தோட்டத்து வீடுகளில் நாய் எவ்வளவு முக்கியமான சீவன் என்பதைக் கண்டேன். காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியுமாகச் சாப்பிட்டுவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் கொழுந்து எடுக்கப் புறப்படும்போது நாய்களும் கூடவே போகின்றன. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. நாய் முன்னால் போனால், என்ன நிற்கிறது என்று அது முதலில் சொல்லிவிடும். மரக்கறித் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் குரைத்துக் கூட்டுவதும் அதுதான். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. அந்த வருமானத்தில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் லீக்ஸ், கரட் பாத்தி சிறிய விடயமல்ல.

ஆனால் நாயைக் காப்பதும் மனிதரின் கடமையாக இருக்கிறது. மலையகத்துத் தோட்டங்களை அண்டிய காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. இரவில் லயத்துப் பக்கம் வந்து அவை பிடித்துக்கொண்டு போவது பெரும்பாலும் நாய்களைத்தான். அதனால் இருட்டும் முன்பே நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். வெளியில் கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

குளிருக்கும் அப்படித்தான். எமது ஊர் நாய்களுக்கு மயிர் குறைவு. வாலுக்குள் மூக்கைப் புதைத்துச் சுருண்டு படுத்தே அவை சூட்டைக் காக்கின்றன. பிறந்த குட்டிகளுக்கோ அந்தச் சூட்டைத் தாமாக உண்டாக்கும் வலுவும் இல்லை, தாயின் வயிறே அவற்றுக்கு அடுப்பு. சீமெந்துத் தரையும் நனைந்த சாக்கும் இருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும். தங்கை ஒரு பழைய பலகைப் பெட்டியைச் செங்கல்லின் மேல் வைத்து, காய்ந்த சாக்கு விரித்திருந்தார். குளிர்காலத்தில் சூட்டிக்கு ரொட்டித் துண்டும் சோறும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குளிருக்காகச் சிலர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பை எடுத்துக் காம்பராவுக்குள் வைத்துக் கதவு யன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறார்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே உயிரைக் கொண்டு போய்விடும். பச்சைக் குழந்தை இருந்த அந்த வீட்டில் முதல் இரவே இதைப் பற்றிக் கதைத்தோம். கரிச் சட்டி வெளியே போனது, கம்பளி இன்னொன்று உள்ளே வந்தது.

இரண்டாம் இரவு

இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. தகரத்தின் மேல் கல் கொட்டுவது போலச் சத்தம். நடுச்சாமத்தில் விழித்தபோது என் பக்கத்தில் படுத்திருந்த அம்மாவைக் காணவில்லை. குசினியில் அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். கூரை ஒழுகிப் பெட்டி நனைந்துவிட்டது போலும். ஐந்து குட்டிகளையும் தனது பழைய சேலைத் துண்டால் துடைத்து, அடுப்பு மேட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த சாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அந்த நாயைத் திரும்பியும் பார்க்காதவர். சூட்டி குரைக்காமல் பக்கத்தில் இருந்தது.

நானும் போய் அடுப்படியில் குந்தினேன். அவராகவே பேசத் தொடங்கினார்.

"மிஸ், எங்கட வீட்டிலயும் ஒண்டு நிண்டது. மணி எண்டு பேர். சின்னவன் சந்தைக்குள்ள கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தவன். 2008 கடைசியில ஷெல் கிட்டக் கிட்ட வர, தருமபுரத்துக்கு வெளிக்கிட்டம். ரெண்டு மூண்டு நாளில திரும்பிடலாம் எண்டுதான் நினைச்சது. ட்ரக்டருக்குப் பின்னால ஓடி வந்து எங்கயாவது அடிபட்டுப் போயிடும் எண்டு, நான்தான் அதை வேப்பமரத்தில கட்டினனான். சட்டி நிறையச் சோறும் தண்ணியும் வைச்சன். சின்னவன் 'அவிழ்த்து விடம்மா, அவிழ்த்து விடம்மா' எண்டு கத்தினவன். நான் கேட்கேல்லை."

அதன் பின்னர் அவர்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று அந்தப் பாதை உங்களில் பலருக்கும் தெரியும். கணவரை வழியிலேயே இழந்தார். சின்ன மகன் 2009 மே மாதத்திற்குப் பின்னர் வீடு திரும்பவில்லை. 2010இல் மீள்குடியேறிய போது வீடும் இல்லை, வேப்பமரமும் இல்லை.

"பிள்ளையைத் தேடுறன் எண்டு எல்லாருக்கும் சொல்லலாம் மிஸ். நாயை நினைச்சு அழுறன் எண்டு ஆருக்குச் சொல்றது? மனிசரே செத்த இடத்தில இவளுக்கு நாய்க் கவலை எண்டுதானே சொல்லுவினம். ஆனா கண்ணை மூடினா அவன் கத்தினதும் கயிறும்தான் வருது."

எனக்கு அந்த அம்மாவை ஆறு வருடமாகத் தெரியும். எத்தனையோ தடவை வீட்டுத் தரிசிப்பு, எத்தனையோ குழுக் கூட்டம். நான் சமூகவியல் படித்தவள். இழப்புக்களைப் பதிவு செய்யும் படிவங்களை எனது கையாலேயே நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். அவற்றில் உயிரிழப்பு, அங்க இழப்பு, வீடு, தொழில் உபகரணம், கால்நடை என்று நிரல்கள் இருந்தன. கால்நடையின் கீழ் மாடு, ஆடு, கோழி. நாய் இல்லை. நிரல் இல்லாத காரணத்தால் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிரவு நான் பெரிதாக ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அம்மா. அது அடிபடக் கூடாது எண்டுதானே கட்டினீங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக இஸ்தோப்புத் தூணிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தங்கையின் கையில் கொடுத்தார். "இது வேண்டாம்" என்றார். அடுப்படியில் தங்கைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். நான் எதிர்பார்த்த அழுகை அப்போதுதான் நடந்தது.

எனக்குக் கிடைத்த கடி

மூன்றாம் நாள் நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்து, சூட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குட்டியைத் தூக்கினேன். பாய்ந்து எனது கையைக் கடித்துவிட்டது. தவறு என்னுடையது. குட்டியுள்ள நாயும் சாப்பிடும் நாயும் தொடப்படக் கூடாதவை.

தங்கை பதறவில்லை. என்னைப் பீலிக்கு இழுத்துப் போய், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வைத்தார். காயத்துக்கு மஞ்சளோ கோப்பித்தூளோ வைக்க வேண்டாம் என்றார். பிறகு பிள்ளைகளின் கிளினிக் அட்டைகள் வைத்திருந்த பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். சூட்டிக்கு ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போட்ட அட்டை அது!

அரச வைத்தியசாலையில் வைத்தியர் அந்த அட்டையைப் பார்த்தார். நாய் சுகமாக இருக்கிறதா, ஏன் கடித்தது என்று விசாரித்தார். ஏற்பு ஊசி போட்டுவிட்டு, நாயைப் பதினான்கு நாட்கள் அவதானிக்கும்படியும், அது நோயுற்றாலோ, இறந்தாலோ, காணாமல் போனாலோ உடனே வரும்படியும் சொன்னார். அட்டை இல்லாத தெருநாய் என்றால் அன்றே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்றார். எந்தக் கடியானாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வைத்தியரே. நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தொடங்கிய பின்னர் ஒருவரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அறிகுறிக்கு முன்னர் முறையாகச் சிகிச்சை பெற்றால் தடுத்துவிடலாம். அரச வைத்தியசாலைகளில் அதற்குப் பணம் அறவிடப்படுவதில்லை.

வீடு திரும்பிய பின்

புறப்படும்போது தங்கை ஒரு குட்டியைக் கொண்டு போகச் சொன்னார். அந்த அம்மா மறுத்துவிட்டார். "இது இன்னும் பால் குடிக்குது. தாயிட்ட இருந்து பிரிக்கக் கூடாது. பஸ்ஸில ஏத்தவும் விடமாட்டினம்" என்றார். அவர் சொன்னது சரி. எட்டு வாரமாவது தாயுடன் இருந்தால்தான் குட்டி தேறும்.

ஆனால் 2024 பங்குனியில் அவரது வீட்டுக்கு நான் போனபோது, வாசலில் ஒரு கறுப்புக் குட்டி ஓடித் திரிந்தது. வீதியோரம் கிடந்ததாம். தனியாக வாழும் பெண்களுக்கு இரவில் நாய் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. படலையில் ஒரு சத்தம் கேட்டால் முதலில் எழும்புவது அதுதானே. அவர் அதற்கு வேலியைச் செம்மையாக அடைத்து வைத்திருந்தார். கயிறு எங்கும் இல்லை. மிருக வைத்தியர் பணிமனையில் போட்ட தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. வன்னியில் வெள்ளம், மலையகத்தில் மண்சரிவு. நுவரெலியாப் பக்கம் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் நின்றுபோயின. அந்த அம்மா கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருந்தார். நான்காம் நாள்தான் தொடர்பு கிடைத்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதாகவும், எல்லோரும் பாடசாலையில் தங்கியிருப்பதாகவும், பேரப்பிள்ளை சுகம் என்றும் தங்கை சொன்னார். அவர் மூச்சு விட முன்னரே அக்கா கேட்டார்:

"சூட்டியை அவிழ்த்து விட்டிட்டா வந்தனீ?"

"கட்டவே இல்ல அக்கா. எங்களுக்கு முன்னாலயே ஓடி வந்துருச்சு. இந்தா, பள்ளிக்கூட வாசல்ல படுத்திருக்கு."

அந்த அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே போய், கறுப்பனுக்குச் சோறு போட்டார்.

சகோதரிகளே, இழப்புக்களை அளக்கும் படிவத்தில் எல்லா இழப்புக்கும் நிரல் இருப்பதில்லை. ஒரு நாய், ஒரு மாமரம், கன்றோடு விட்டு வந்த பசு என்று சொல்லாமல் வைத்திருப்பவர்கள் உங்களிடையே இருக்கலாம். அது வெட்கப்பட வேண்டிய துக்கமல்ல. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். கேட்கிறவர்களும் சிரிக்காமல் கேளுங்கள்.

மனதில் வைத்திருக்க வேண்டியவை

1. வெள்ளம், மண்சரிவு எச்சரிக்கை வந்து வெளியேறும்போது நாயையோ ஆடு மாட்டையோ கட்டிய நிலையில் விட்டுச் செல்லாதீர்கள். கொண்டு போக முடியாவிட்டால் அவிழ்த்து விடுங்கள்.

2. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று நீர் ஆகியன மண்சரிவின் அறிகுறிகள். பொருட்களை எடுக்க நில்லாமல் வெளியேறுங்கள்.

3. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பிள்ளைகளின் அட்டைகளோடு வையுங்கள். இடம்பெயர நேர்ந்தால் அந்தப் பையையே முதலில் எடுங்கள்.

4. நாய் கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குட்டியின் சிறிய கீறலையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

5. குளிருக்காக மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துப் படுக்காதீர்கள்.